சுகிர்தமக்கா எழுதிய கல்வெட்டு

பாரிஸின் லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துப் படிகளில் இறங்கும்போது சுகிர்தமக்கா கடைசிப் படியில் ஒரு கணம் நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தரையில் மற்றவர்கள் எறிந்துவிட்டுப் போன பயண ரிக்கற்றுகளைப் பார்ப்பார். மடியாத, நனையாத, செருப்புத் தடம் படாத ஒன்றைக் குனிந்து எடுத்துக் கோட்டுக் கையில் இரண்டு தரம் துடைப்பார். அந்த ரிக்கற்றுகளின் பின்பக்கத்தில் நடுவே கபில நிறத்தில் ஒரு பட்டி ஓடும். அதற்கு மேலே கொஞ்சம் வெள்ளை, கீழே கொஞ்சம் வெள்ளை. கொண்டைக்குள் செருகியிருக்கும் கட்டைப் பென்சிலை இழுத்து, மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுதுவார். அது அவருடைய வாக்கியமாக இருக்காது. சற்று முன்பு ரயிலிலோ மரக்கறிக் கடையிலோ யாரோ சொன்ன வாக்கியம். சொன்னபடியே இருக்கும், வாயிலிருந்து ‘எண்டு’ என்று வந்தால் ரிக்கற்றிலும் ‘எண்டு’தான். வலது மூலையில் சொன்னவரின் பெயருக்கு ஓர் எழுத்து, பெயர் தெரியாவிட்டால் ஒரு புள்ளி. பிறகு அதை ஊதுவார். பென்சில் எழுத்தை எதற்காக ஊதவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊதிவிட்டுக் கைப்பையின் பக்க அறையில் போட்டுச் சிப்பை இழுப்பார். தெருவைக் கடக்கப் பச்சை விளக்கு விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ரிக்கற்றுகள் வீட்டில் பதினொரு பிஸ்கற் ரின்களில் இருந்தன.

சுகிர்தமக்கா லாச்சப்பலில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். கலியாண அட்டை, பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்தியவீட்டு அட்டை, கடைகளுக்கான விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் கணினியில் தமிழ் தட்டுவது அவர்தான். முதலாளி குலசேகரம். தெரு முழுவதற்கும் அவர் குலமண்ணை. எந்த வேலையையும் நாளைக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இரவெல்லாம் இருமிக்கொண்டு அச்சடிக்கிற மனிதர். அட்டைகளைவிட அங்கே அதிகம் அச்சானது கல்வெட்டுகள். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருபவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது வழக்கம். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கல்லில் வெட்டாவிட்டாலும் பெயர் கல்வெட்டுத்தான்.

வாழ்க்கை வரலாறு என்பது எல்லாருக்கும் ஒன்றே. ‘ஈழமணித் திருநாட்டின் சிரமெனத் திகழும் யாழ்ப்பாணத்தில், நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே பொருந்திய’ என்று தொடங்கும். ஊர் மாறும், நீர்வளம் மாறாது. தண்ணீர் லொறி போகும் தீவுகளுக்கும் அதே நீர்வளம்தான். குடும்பத்தார் படத்தையும் பெயர்களையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சுகிர்தமக்கா முந்தின கல்வெட்டைத் திறந்து பெயர்களை மாற்றுவார். அரை நாள் வேலை.

2009 ஒக்ரோபரில் அவர் ஒரு பிழை விட்டார். எழுபத்தெட்டு வயதில் இறந்த பூரணியம்மாவின் கல்வெட்டை, அதற்கு முந்தின வாரம் செய்த ஒரு மாஸ்ரரின் கல்வெட்டிலிருந்து ஆக்கினார். பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரு வரி மட்டும் தப்பிவிட்டது. அந்தியேட்டியன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாயாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. ‘வாலிபப் பருவத்தில் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கிப் பல வெற்றிக் கேடயங்களை ஈட்டிய பூரணி அவர்கள்.’

அவர் பாயாசத்தைக் கீழே வைத்தார். யார் முதலில் எழுந்து கத்தப்போகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். யாரும் கத்தவில்லை. இருநூறு புத்தகங்கள். பாதி கதிரைகளுக்கு அடியில் கிடந்தன, மீதியில் வடையை வைத்திருந்தார்கள். அடுத்த நாளும் அடுத்த வாரமும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் தானாகவே குலமண்ணையிடம் சொன்னார்.

“ஆரும் கேட்டவையோ?” என்றார் குலமண்ணை.

“இல்லை.”

“இந்த வருசம் ஆருக்கு வாசிக்கிற மனம்? பேசாமல் விடும். ஒருதரும் கேக்காட்டிப் பிறகென்ன பிரச்சினை?”

“ஒருதரும் கேக்கேல்லை எண்டதுதானண்ணை பிரச்சினை.”

ரிக்கற் பொறுக்குவது அந்த வாரம் தொடங்கியது. ஒரு மனுசி எழுபத்தெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறாள், அவளை உதைபந்தாட்டக்காரி என்று அச்சடித்தாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் அதில் அவள் எங்கே இருக்கிறாள்? இதைச் சுகிர்தமக்கா எனக்குப் பிற்பாடு ஒரு கேள்வியாகத்தான் சொன்னார். பதிலை அவர் அப்போதே எழுதத் தொடங்கியிருந்தார்.

முதலில் களவாகத்தான். நீர்வளம், நிலவளத்துக்கு நடுவே ஒரேயொரு உண்மை வரியைச் செருகினார். ஏழாம் மாடியில் இருந்தும் லிப்ற்றில் ஏறாத ஒரு கிழவரின் கல்வெட்டில், ‘பேந்து பெட்டிக்குள்ளை போகத்தானே போறன், இப்ப ஏன் பழகுவான்?’ என்று அவர் சொன்னதை அப்படியே போட்டார். அன்று ஒரு மேசையில் அந்த வரியை ஒருவர் உரத்து வாசித்தார். மறுமேசையிலிருந்து ஒருவர் கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தார். சுகிர்தமக்கா வடையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் இப்படி ஒவ்வொரு வரியாகப் போயிற்று. பிறகு எங்கள் பெரியப்பா இறந்தார்.

பெரியப்பா தவரத்தினத்தை லாச்சப்பலில் தெரியாதவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே பெரிய கறுப்புக் குடையோடு நிற்பார். புதிதாய் வந்தவர்கள் யாராவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால் போதும், “பயப்பிடாதை, வா” என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் அறை தேடிக் கொடுப்பார், விசா அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராகவும் போவார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது அங்கே போன பிறகுதான் தெரியவரும்.

அவர் உணவகம் ஒன்றில் மனேஜர். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் இருபத்தினாலு வருடம் அங்கே சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். இங்கே எல்லாருக்கும் அது தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. தெரிந்த பொய்யை மரியாதையாகக் கையாள்வது எங்கள் ஆட்களுக்கு நன்றாக வரும்.

2013 பெப்ரவரி. அவருடைய கல்வெட்டில் சுகிர்தமக்கா ஒரு வரியோடு நிற்காமல் முழுவதையும் தானே எழுதியிருந்தார். கல்வெட்டின் மாதிரிப் பிரதியைப் பார்ப்பதற்காகப் பெரியம்மா தில்லைநாயகி, என் அப்பா ஐங்கரன், நான், மூன்று பேரும் அச்சகத்துக்குப் போனோம். அப்பா பெரியப்பாவின் ஒரே தம்பி. பக்கத்திலுள்ள மார்க்ஸ் டோர்மோயில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பெரியம்மாவுக்குக் கதிரை போட்டார்கள். நான் கடதாசிப் பெட்டிகளோடு ஒட்டி நின்றேன். அப்பா நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தார், முகம் மாறியது.

“நீர்வளம், நிலவளத்தைக் காணேல்லை. அது போகட்டும். மனேஜர் எங்கை?”

“அண்ணை, முழுக்க வாசியுங்கோ” என்றார் சுகிர்தமக்கா.

“வாசிச்சிட்டுத்தான் கேக்கிறன். கோப்பை கழுவினவர் எண்டு போட்டிருக்கு!”

“அவரே சொன்னது.” சுகிர்தமக்கா கைப்பையிலிருந்து ஒரு ரிக்கற்றை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெரியப்பாவின் இழுவையிலேயே வாசித்தார். “‘பரிசிலை அரைவாசிச் சனம் நான் கழுவின கோப்பையிலைதான் திண்டது. ஒருத்தனுக்கும் வயித்தாலை போகேல்லை.’”

“அவர் பகிடிக்குச் சொன்னதைக் கல்வெட்டிலை போடுறதோ? உது கனடா போகும், லண்டன் போகும், ஊருக்குப் போகும். என்ரை மகள் யசோதினிக்கு ரொறன்ரோவிலை சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம், தெரியுமோ? பெண்ணின்ரை பெரியப்பா மனேஜர் எண்டு சொல்லியிருக்கிறம்!”

குலமண்ணை உள்ளறையிலிருந்து இருமிக்கொண்டு வந்தார். பக்கத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வியாபாரியாக ஒரு முடிவுக்கு வந்தார். “சுகிர்தம், பழையதைத் திறவும். பேரை மாத்தும். இனிமேல் எழுதுற வேலை உமக்கு வேண்டாம். ரைப் அடிச்சால் காணும்.”

சுகிர்தமக்கா கணினியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தார். மூன்று வருடமாகக் குனிந்து குனிந்து சேர்த்த அத்தனையும் போதும் என்று பொருள்படும் அந்த ஒரு ‘காணும்’ என்ற சொல்லுக்குள் போகப் பார்த்தது.

“சரி குலமண்ணை, மாத்திறன். அப்ப பூரணியம்மா மாதிரி இவரையும் உதைபந்தாட்டத் தலைவர் ஆக்கி விடட்டோ?”

“என்ன உதைபந்தாட்டம்?” என்றார் அப்பா.

“பூரணியம்மாவின்ரை அந்தியேட்டிக்கு நீங்களும் வந்தனீங்கள். கல்வெட்டும் வாங்கினனீங்கள். வாசிச்சனீங்களோ?” பழைய பிரதி ஒன்று மேசை லாச்சிக்குள் இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார்.

அப்பா வாசித்தார். பெரியம்மா எட்டிப் பார்த்து, “என்ன போட்டிருக்கு?” என்றார். நான்தான் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. ‘வெற்றிக் கேடயங்களை’ என்ற இடத்தில் பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “ஐயோ, அந்த மனுசி கோயில் படி ஏறவே ஆள் பிடிக்கிறது!” குலமண்ணை கூரையைப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா கண்ணைத் துடைத்தார். “நீ எழுதினதை வாசி பிள்ளை. முதலிலிருந்து வாசி.”

சுகிர்தமக்கா வாசித்தார். எட்டுப் பக்கம். பெரியப்பா சொன்னவை அவர் பேச்சில் இருந்தன, மற்றவர்கள் சொன்னவை மற்றவர்களின் பேச்சில். ஒரு பக்கத்தில் விசா அலுவலகம் வந்தது. ‘அவருக்குப் பிரெஞ்சில் நாற்பது சொல் தெரியும். அதில் முப்பத்தொன்பதை வீட்டில் வைத்துவிட்டு, இதோ என்று பொருள்படும் “வோலா” ஒன்றோடு முந்நூறு பேருக்குத் துணைக்குப் போனார். அதிகாரி கத்தினால் “வோலா” என்பார். முத்திரை குத்தினாலும் “வோலா” என்பார். போனவர்கள் சொல்கிறார்கள்: “அவர் கதைச்சு எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் பக்கத்திலை நிண்டவர்.”’

வாசித்து முடித்ததும் அப்பா, “அண்ணி, நீங்கள் சொல்லுங்கோ. மனேஜர் எண்டு ஒரு சொல்லுத்தானே கேக்கிறன்” என்றார்.

“தம்பி, எனக்கும் பத்து வருசம் மனேஜர் எண்டுதான் கடிதம் எழுதினவர். நான் வந்திறங்க, பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினார். நகமெல்லாம் வெளிறி, விரல் ஊறிப்போய்க் கிடந்தது. பாத்த உடனை விளங்கிச்சு. நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.” பெரியம்மா சுகிர்தமக்காவின் பக்கம் திரும்பினார். “அதையும் போடு பிள்ளை. மனேஜருக்குக் கல்வெட்டு வேணுமெண்டால் மனேஜற்றை பெண்சாதி வந்து அடிக்கட்டும். எனக்கு என்ரை மனுசன்ரை காணும்.”

அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார். “நான் அண்டைக்கு வரமாட்டன்” என்றார். கதவில் கட்டியிருந்த மணி அவர் போன பிறகும் ஆடிக்கொண்டிருந்தது.

குலமண்ணை மாதிரிப் பிரதியைச் சுகிர்தமக்காவின் முன்னால் வைத்தார். “பொறுப்பு உம்மடை. சபையிலை ஒருதர் குறை சொன்னாலும் இதோடை சரி.”

“சரி” என்றார் சுகிர்தமக்கா.

அந்தியேட்டி பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முந்நூறு பேர். கிரியைகள் முடிந்து, பந்திக்கு முன்னால் கல்வெட்டைக் கொடுத்தோம். சுகிர்தமக்கா சமையலறைக் கதவடியில், ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றார். கொண்டையில் பென்சில் இல்லை. நான் கவனித்தேன்.

முதலில் வழக்கம்போல எல்லாரும் படத்தைப் பார்த்து “நல்ல படம்” என்றார்கள். புத்தகங்கள் மேசைக்குப் போயின. சோறு வந்தது. பிறகு மூன்றாவது மேசையில், மன்னார்க்காரர் வின்சன்ற் திடீரென்று, “டேய், வயித்தாலை!” என்று கத்திவிட்டுத் தன் வாயைத் தானே பொத்தினார். பக்கத்தில் இருந்தவர் “என்ன, என்ன?” என்று தன் புத்தகத்தைத் தேடினார். அது அப்படியே மேசை மேசையாகப் போயிற்று. ஓரிடத்தில் சிரிப்பு, ஓரிடத்தில் “பாவமடா மனுசன்”, ஓரிடத்தில் மூக்கு உறிஞ்சல். பரிமாறிக்கொண்டு போனவர்கள் சாம்பார் வாளியோடு நின்று வாசித்தார்கள். கூட்டமாக வந்திருந்த பிள்ளைகள் “வோலா” வரும் பக்கத்தைத் தகப்பன்மாரைக் கொண்டு வாசிப்பித்து, தாங்கள் பிரெஞ்சில் ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டினார்கள். முதல் பந்தி எழும்பவே இல்லை. இரண்டாம் பந்தி வாசலில் நின்று, “வாசிச்சது காணும், எழும்புங்கோவன்!” என்று கத்தியது, அவர்கள் கையிலும் புத்தகம் இருந்தது.

அப்பா வந்தார். எல்லாரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு, கோட்டுகள் தொங்கிய மூலையில் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். அந்த ஒரு பக்கத்தை வாசித்தார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி மாட்டினார், பாயாச வாளியை எடுத்தார்.

நன்றி நவிலல் இருக்கவேண்டிய அந்தக் கடைசிப் பக்கத்தால் ஒரு சண்டையே வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘வந்திறங்கிய நாளில் அவரைத் தேடிப் போன ஒருவர் சொன்னது: “மனேஜரைக் கேட்டு முன்வாசலாலை போனன். அவர் பின்வாசலாலை ஈரக் கையோடை ஓடி வந்து என்ரை கன்னத்தைப் பிடிச்சார். சவுக்கார மணம். அதோடை எனக்குப் பரிசிலை பயம் விட்டுது.”’

“உது நான்தான் சொன்னது” என்றார் வின்சன்ற், கண்ணைத் துடைத்தபடி.

“நீர் எப்ப சொன்னனீர்? என்ரை கன்னத்தைத்தான் பிடிச்சவர். எண்பத்தொன்பதாம் ஆண்டு, மழை” என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

“உம்மடை கன்னத்திலை தாடி. அதைப் போய் ஆர் பிடிக்கிறது?”

“அப்ப தாடி இல்லையடாப்பா!”

மூன்றாவதாக ஒருவரும் எழுந்து வந்தார். சுகிர்தமக்காவை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். “ஆர் சொன்னதெண்டு சொல்லும் பிள்ளை.” அவர், “ரிக்கற்றிலை இருக்கு” என்றார். அப்பா வாளியோடு குறுக்கே வந்து, “ஆர் சொன்னால் என்ன, சண்டை பிடியாமல் குடியுங்கோ” என்று அவர்கள் குவளைகளை நிரப்பினார்.

எல்லாரும் போன பின்பு குலமண்ணை கதிரைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வோர் அந்தியேட்டியிலும் கிடக்கும் புத்தகங்களைப் பொறுக்குவது அவர் வேலை. மண்டபத்தின் மறுகோடிக்குப் போய் நிமிர்ந்தார்.

“ஒண்டும் கிடக்கேல்லை சுகிர்தம்!” அங்கிருந்தே கத்தினார். “ஒரு புத்தகமும் கிடக்கேல்லை!”

அந்த வாரமே இன்னும் இருநூறு அடிக்கவேண்டி வந்தது. வராதவர்கள் கேட்டார்கள், வந்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் பெரியம்மா அச்சகத்துக்குப் போய், “எழுதினவளின்ரை பேரைக் காணேல்லை, அதைப் போடாமல் அடிக்காதையுங்கோ” என்றார். சுகிர்தமக்கா வேண்டாம் என்றார். குலமண்ணை அவரை எழுப்பிவிட்டுக் கணினிக்கு முன்னால் தானே உட்கார்ந்து, இரண்டு விரலால், இருமலோடு, பத்து நிமிடம் எடுத்துத் தட்டினார்: எழுதியவர் சுகிர்தம்.

ரொறன்ரோவிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசி எடுத்தார். வீட்டில் எல்லாரும் தொலைபேசியைச் சுற்றி நின்றோம். “மனேஜர் குடும்பம் எண்டு நாங்கள் கொஞ்சம் பின்னடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். கல்வெட்டு வந்தது. எங்கடை அவரும் இஞ்சை கோப்பைதான். கலியாண நாளைப் பாப்பம்” என்றார். அக்கா யசோதினி இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு சுகிர்தமக்கா எழுபதுக்கு மேல் கல்வெட்டு எழுதிவிட்டார். லண்டனிலிருந்தும் கேட்டு வருகிறது. நீர்வளம் இல்லை, நிலவளம் இல்லை. ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே அச்சகத்துக்கு வந்து, “ஒரு வசனம் சொல்லுறன், எழுதி வையும்” என்கிறார்கள். அவர் விரட்டுவார். “சொல்ல வேணுமெண்டு வந்து சொல்லுறது சரிவராது. போய்ச் சாமானை வாங்குங்கோ, நான் கேட்டுக்கொள்ளுறன்.” நூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் தங்கள் சிற்றூரையும் அதன் பேச்சையும் அப்படியே எழுதிய ஆட்கள் பலர் இருந்தார்கள் என்று நான் ஓரிடத்தில் வாசித்து, தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவையும் ரிக்கற்றிலையோ எழுதினவை?” என்றார்.

மெத்ரோவில் அட்டை ரிக்கற்றுகள் குறைந்துபோக, அவர் கடைப் பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்துக்கு மாறினார். சென்ற வருடம் எல்லாக் கல்வெட்டுகளையும் ஒரே புத்தகமாக்குவது என்று முடிவானது. ரிக்கற்றுகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது. ஆறாவது ரின்னில் பெரியப்பாவின் கட்டு இருந்தது. அந்தக் கடைசிப் பக்க வாக்கியமும் அதில் இருந்தது. பின்பக்கம் போதாமல் முன்பக்கத்துக்கும் ஓடியிருந்தது. மூலையில் ‘ஐ’ என்ற எழுத்து. அதுவும் பென்சிலில் இல்லை, நீலப் பேனையில் இருந்தது. எங்கள் கடையில் பருப்பு மூட்டைகளுக்கு விலை எழுதி ஒட்டும் அந்தச் சரிந்த கையெழுத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

சுகிர்தமக்காவைக் கேட்டேன். “அண்டைக்குக் கோவிச்சுக்கொண்டு போனவரெல்லே, அடுத்த நாள் விடிய, கடை திறக்க முதல் வந்து வாசலிலை நிண்டவர்” என்றார். “நான் எழுதட்டோ எண்டன். இல்லை, தானே எழுதித் தாறன் எண்டு தன்ரை ரிக்கற்றை எடுத்தவர்.”